ஐந்தாவது ஆள்

நான்கு பெயர்களை அடித்து முடித்துவிட்டேன். ஐந்தாவது இடத்தில் கர்சர் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஜமால் பாயின் பிரவுசிங் சென்டர். மொத்தம் ஆறு மிஷின். அதில் மூன்றாம் நம்பரில் மட்டும்தான் தமிழ் தமிழாகத் தெரியும். மற்றதிலெல்லாம் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போகும்போது வேறு யாராவது மூன்றில் உட்கார்ந்திருந்தால் என் மூஞ்சி கடுகடுவென்று ஆகிவிடும். பாய் அதைப் பார்த்துவிட்டு, அந்த ஆளை நைசாகப் பேசி ஐந்துக்கு மாற்றிவிடுவார். பெண்பிள்ளைகள் உட்காரும்போது, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி, தடுப்புப் பலகையின் அரைக்கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைப்பதும் அவர் வழக்கம். புது பிளைவுட் வாசனையும் பாயின் அத்தர் வாசனையும் சேர்ந்து அடிக்கும். 'ழ' அடிக்க வேண்டிய கட்டை மட்டும் அழுத்தினால் எழாது, நகத்தால் நெம்பிவிட வேண்டும்.

"என்னங்க டீச்சர், ரொம்ப நேரமா ஒரே எடத்துல நிக்குது? மிஷின் மக்கர் பண்ணுதா?" என்றார் பாய்.

மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது நான்.

யார் கேட்டு எழுதினேன்?

போன வாரம் இந்தத் தொடரில், "நான் வலைப்பூ எழுதிக்கொண்டிருந்த காலம்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை, கைப்பிள்ளை, இத்தனைக்கும் நடுவில் யார் கேட்டு எழுதினீர்கள்?

நியாயமான கேள்வி. யாரும் கேட்கவில்லை.

இன்றைய பிள்ளைகளுக்கு வலைப்பூ என்றால் என்ன என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. இணையத்தில் நமக்கென்று ஒரு பக்கம். நாம் பாட்டுக்கு எழுதலாம். காசும் கிடையாது, எடிட்டரும் கிடையாது. படித்தவர்கள் அடியில் பின்னூட்டம் என்று நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போவார்கள். நான் ஒரு புனைபெயரில் எழுதினேன். கணக்கு டீச்சர் மல்லிகா கதை எழுதுகிறாள் என்று ஸ்டாஃப் ரூமில் தெரிந்தால் மானம் போகும்.

அந்தக் காலத்தில் சங்கிலிப் பதிவு என்று ஒரு விளையாட்டு. ஒருவர் ஒரு தலைப்பில் எழுதிவிட்டு, கடைசியில் ஐந்து பேரை அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவர் அதே தலைப்பில் எழுதி, இன்னும் ஐந்து பேரை அழைக்க வேண்டும். மஸ்கட்டில் இருந்த ஒருவர் என்னை அழைத்துவிட்டார். தலைப்பு: நான் ஏன் வலைப்பூ எழுதுகிறேன்.

எனக்கு முன்னால் எழுதியவர்களின் காரணங்களைப் படித்துப் பார்த்தேன். ஒரு அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறோம், மற்ற ஐந்து பேரும் டிவி பார்க்கிறார்கள், பேச ஆளில்லை என்று மஸ்கட்காரர் எழுதியிருந்தார். அது உண்மை போல இருந்தது. சிங்கப்பூரில் இருந்த ஒரு அம்மா, தமிழ் மறந்துவிடக் கூடாது என்பதற்காக என்றார். பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதையெல்லாம் திரும்பி வந்த கோபத்தில் ஆரம்பித்தேன் என்று சென்னைக்காரர் ஒருவர். மிச்சப் பேரெல்லாம் தமிழ்த்தொண்டு என்று அளந்திருந்தார்கள். நானும் முதல் பத்தியில் தமிழ்த்தொண்டைத்தான் அளந்தேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்து அழித்துவிட்டேன்.

கோழியைத் திட்டுவது

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊர் சாடைப் பேச்சைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோனால், அதோடு பேச்சு நின்றுவிடாது. அன்றைக்குத்தான் ஆரம்பிக்கும். எதிர்வீட்டுக்காரி வாசலில் நிற்கிறாள் என்று தெரிந்ததும் எங்கள் பெரியம்மா கோழியைக் கூப்பிட்டுத் திட்ட ஆரம்பிப்பாள். "ஏ கோழி, உனக்கு நன்னி இருக்கா? நான் போட்ட அரிசியத் தின்னுட்டு எவ வூட்டுலயோ போயி முட்டை வுடுறியே" என்பாள். கோழி பாவம், அது பாட்டுக்கு மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். எதிர்வீட்டுக்காரி உடனே தன் ஆட்டைத் திட்டிப் பதில் சொல்வாள். திட்டுவதற்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். எதிர்வீட்டில் காய்ச்சலாகக் கிடந்தபோது, "ஏ கோழி, மொளகு ரசம் வச்சிருக்கேன், குடிக்க நாதியில்ல" என்று இதே பெரியம்மா கத்தியதையும் கேட்டிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் பெண் சொம்போடு வந்தது.

நான் வலைப்பூ எழுதியதும் அதற்குத்தான். உலகம் முழுக்கக் கேட்கிற மாதிரி கோழியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய எதிர்வீடு ரெட்டிபாளையத்தில் இருந்தது. பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம்.

அது என் அண்ணன் வீடு.

மூன்று கை மாறிய பத்திரிகை

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை லேபில் வேலை. சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக்கிச் சோதித்து, சரியாக இருந்தால் ரிஜிஸ்டரில் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவார், தப்பாக இருந்தால் சுழிப்பார். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர் வீடுதான். என்னை டீச்சர் டிரெயினிங் படிக்க வைத்ததும் அவர்தான்.

நாங்கள் பெரம்பலூரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குடிபோனபோது நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பாப்பா அப்போது கைக்குழந்தை. பரீட்சை பேப்பர் திருத்துகிற வேலை ஒரு பக்கம், பெயின்ட்காரர் ஒரு பக்கம். எல்லார் வீட்டுக்கும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் போய்ப் பத்திரிகை கொடுத்தோம். அண்ணன் வீட்டுக்கு மட்டும் போக முடியவில்லை. அண்ணன்தானே, நம்ம ஆள்தானே என்று நினைத்தேன். தெரிந்த கண்டக்டர் ஒருவரிடம் பத்திரிகையைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டேன். அவர் அரியலூரில் டவுன் பஸ் டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர் ரெட்டிபாளையம் ஸ்டாப்பில் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

டீக்கடைக்காரர், ஷிப்ட் முடிந்து வந்த பத்துப் பேருக்கு நடுவில் அதை அண்ணனிடம் நீட்டி, "உங்க தங்கச்சி பார்சல் அனுப்பிச்சிருக்கு சார்" என்றாராம். பத்திரிகையை எடுத்துப் பார்த்ததும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

ஊரில் கடைக்கோடிச் சொந்தத்துக்குக்கூட வீட்டுக்கு வந்து, தட்டை நீட்டி, "வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். கூடப் பிறந்தவனுக்குப் பார்சல்.

குடிபோன அன்று அண்ணன் வரவில்லை. பிறந்த வீட்டுச் சீர்த்தட்டு வைக்க வேண்டிய இடம் வெறுமனே கிடந்தது. மாமியார் வீட்டுச் சனம் அதைப் பார்த்துப் பார்த்துப் பேசியது. எனக்கு அவமானம் தாங்கவில்லை. ஒரு பத்திரிகைக்காக இப்படிச் செய்வாரா, இனி அவராக வந்தால் வரட்டும் என்று வீம்பு பிடித்துக்கொண்டேன். அவருக்கும் அதே வீம்பு. ஒரு வயிற்றில்தானே பிறந்தோம்.

நான்கு வருடம் ஓடிவிட்டது.

இதில் அடிபட்டது பாப்பாவின் காது. எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். ஒரு வயதும் போயிற்று, மூன்று வயதும் போயிற்று. இப்போது ஐந்து நடந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் தோட்டைக் காட்டுகிறார்கள் என்று பாப்பா வந்து அழும். மாமியார் வீட்டில் மாசி மாதத்தில் ஒரு தேதியே குறித்துவிட்டார்கள். தாய்மாமன் முறையில் யாராவது ஒருத்தரை உட்கார வைத்துக் குத்திவிடலாம் என்று பேச்சு. முறைக்கு யாராவதா? எனக்கு நெஞ்சு எரிந்தது. அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது இன்னொருத்தன் மடியில் என் பிள்ளையா?

என் வீட்டுக்காரர் எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். "ரெண்டு பஸ்ஸு. போயி கூப்டுட்டு வந்துடலாம் மல்லிகா" என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார். நான் போக மாட்டேன் என்பேன். போக மாட்டேன் என்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பாய் கடைக்குப் போய் அண்ணனைப் பற்றி எழுதிவிட்டு வருவேன். என்ன புத்தியோ.

சின்ன வயதுக் கதை என்றுதான் எழுதுவேன். என் பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டைக் கன்றுக்குட்டி தின்றுவிட்டதும், அண்ணன் சைக்கிளில் அரியலூருக்குப் பறந்து போய் வேறு வாங்கி வந்ததும் ஒரு பதிவு. அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு ஒரு பதிவு. வர வேண்டிய ஒருத்தர் வராமல் போன ஒரு கிரகப்பிரவேசம் ஒரு பதிவு. ஃபிஜித் தீவிலிருந்துகூட ஒருவர் பின்னூட்டம் போட்டார். ரெட்டிபாளையத்திலிருந்து வரவில்லை. எப்படி வரும்? அண்ணனுக்குக் கம்ப்யூட்டரே தெரியாது. தெரிந்துதான் எழுதினேன். கோழியைத் திட்டுகிறவளுக்கு எதிர்வீட்டில் ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கப் பயம்.

மீண்டும் மூன்றாம் நம்பர்

கர்சர் சிமிட்டிக்கொண்டிருந்ததா? அங்கேதான் விட்டேன்.

பாய் கேட்டுவிட்டு நகர்ந்ததும், நான் மளமளவென்று அடித்தேன். இதுதான் அந்த வரி: "ஐந்தாவதாக என் அண்ணனை அழைக்கிறேன். அவருக்கு வலைப்பூ கிடையாது. நான் எழுதுவதே அவர் ஒருவர் படிப்பதற்குத்தான். மாசி மாதம் அவர் மடி வேண்டும்."

அடித்துவிட்டுத் திரும்பிப் படித்தால் தைரியம் போய்விடும் என்று படிக்காமலே வெளியிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் பின்னூட்டங்கள் குவிந்து கிடந்தன. எல்லோரும் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அண்ணா வாருங்கள், அண்ணா மனம் இறங்குங்கள் என்று ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் எழுதினார்கள். படிக்கப் படிக்க எனக்கு அழுகையாக வந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. மாசி பிறக்க மூன்று வாரம் இருந்தது.

அமானிதம்

அதற்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மாடி ஏறியதும், பாய் என்னை மூன்றாம் நம்பருக்குப் போக விடவில்லை. மேஜை டிராயரைத் திறந்து பழுப்புக் கவர் ஒன்றை எடுத்து வைத்தார். அவர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். பத்து வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். அதிகம் பேச மாட்டார். அன்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. உங்க மருமவப் புள்ள செல்வி இருக்குல்ல, ஆறு மாசமா சனிக்கெழம சனிக்கெழம வந்து நீங்க எழுதுறத பிரின்ட் எடுத்துட்டுப் போவும். உங்கள்ட்ட சொல்லக் கூடாதுன்னுச்சு. ஒருத்தங்க நம்பிச் சொன்னது அமானிதம்ங்க, நான் வாயத் தொறக்க முடியல. நேத்து இதக் குடுத்து, அத்தைகிட்ட குடுத்துடுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு."

செல்வி அண்ணன் மகள். பெரம்பலூரில் ஹாஸ்டலில் தங்கிக் காலேஜ் படிக்கிறாள் என்று காதில் விழுந்திருந்தது. வழியில் பார்த்தாலும் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவோம். பெரியவர்கள் சண்டைக்குப் பிள்ளைகளும் மரியாதை கொடுக்க வேண்டுமே! அவளும் ஏதோ ஒரு சனிக்கிழமை மூன்றாம் நம்பரில் உட்கார்ந்திருக்கிறாள். முகவரி அடிக்கிற இடத்தில், முன்னால் உட்கார்ந்தவர்கள் போன முகவரியெல்லாம் வரிசையாக இறங்கியிருக்கிறது. ஒன்றை அழுத்தினால் கன்றுக்குட்டிக் கதை வந்திருக்கிறது. அந்தக் கதையை அவள் அப்பா வாயால் நூறு தடவை கேட்டவள். கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்?

கவரைப் பிரித்தேன். நான் எழுதிய அத்தனை பதிவும் தாள் தாளாக இருந்தது. புரட்டும்போது சாம்பல் நிறத்தில் தூசி உதிர்ந்து விரலில் நரநரத்தது. ஓரத்திலெல்லாம் சிவப்புப் பென்சில் எழுத்து.

கன்றுக்குட்டிப் பதிவில் கன்றுக்குட்டியைச் சுழித்து, "வெள்ளாடு" என்று எழுதியிருந்தார். (கன்றுக்குட்டிதான். இன்றைக்கும் சொல்கிறேன்.) கருவாட்டுக் குழம்பில், "அம்மா இதில் மாங்காய் போடுவாள், விட்டுவிட்டாய்." சில பத்திகளுக்கு வெறும் டிக் மட்டும், லேப் ரிஜிஸ்டரில் போடுகிற மாதிரி. ஹால் டிக்கெட்டுக்காகச் சைக்கிளில் பறந்தார் என்று நான் எழுதிய இடத்துக்குப் பக்கத்தில்: "பறக்கவில்லை. பாதி வழியில் செயின் அறுந்துவிட்டது. தள்ளிக்கொண்டு ஓடினேன். நீ பயந்துவிடுவாய் என்று சொல்லவில்லை."

கிரகப்பிரவேசப் பதிவைத் திருப்பினேன். 'வர வேண்டியவர் வரவில்லை' என்ற வரிக்குக் கீழே கோடு போட்டு எழுதியிருந்தது: "புது வேட்டி கட்டி, சீர்த்தட்டோடு பஸ் ஸ்டாப் வரை வந்தோம். பார்சல் பத்திரிகைக்கா கிளம்பிட்டீங்க என்று டீக்கடையில் கேட்டார்கள். திரும்பிவிட்டோம்."

எனக்குக் கண் மறைத்தது. பாய் எழுந்து போய் மின்விசிறியைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கடைசித் தாள் அந்தச் சங்கிலிப் பதிவு. ஐந்தாவது ஆள் என்ற இடத்தைச் சுழித்திருந்தார். அடியில் இரண்டே வரி.

"இப்பவும் அடுத்தவர் கையில்தான் கொடுத்து விடுகிறாய். நேரில் வா."

மூடாத தட்டு

அன்றைக்கே கிளம்பினோம். வீட்டுக்காரர் உடனே செருப்பை மாட்டிக்கொண்டார். தட்டு, வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, குங்குமம் எல்லாம் பையில். பாப்பா ஜன்னல் ஓரம். இரண்டு பஸ்ஸிலும் நான் என்னென்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். நூறு பதிவு எழுதியவள் இல்லையா, பத்தி பத்தியாக வந்தது.

ரெட்டிபாளையம் ஸ்டாப்பில் இறங்கியதும், பையிலிருந்து தட்டை எடுத்து எல்லாவற்றையும் அடுக்கி, மூடாமல், டீக்கடைக்கு எதிரிலேயே ஏந்திக்கொண்டு நடந்தேன். கடைக்காரர் நன்றாகப் பார்க்கட்டும் என்று கொஞ்சம் மெதுவாகவே நடந்தேன்.

அண்ணன் வாசலில் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. எங்களைப் பார்த்தவர் பேப்பரை இறக்கவில்லை. உள்ளே பார்த்து, "யாரோ வந்திருக்காங்க, யாருன்னு கேளு" என்று அண்ணியிடம் சொன்னார்.

அடுக்கி வைத்த பத்தியெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. தட்டை நீட்டினேன்.

"பாப்பாவுக்குக் காது குத்துறோம்ணே. தப்பு எம்மேலதான். வந்துடுண்ணே."

"எந்தப் பாப்பாவுக்குன்னு கேளு" என்றார், இன்னும் அண்ணியிடம்தான்.

அவர் பாப்பாவைக் கைக்குழந்தையாகப் பார்த்ததுதான். பாப்பா எங்கள் சண்டையைக் கண்டதா? தன் காது மடலைப் பிடித்து இழுத்துக் காட்டி, "எனக்குத்தான் மாமா" என்றது.

அண்ணன் எழுந்துவிட்டார். சட்டை போடாமல் தட்டு வாங்கக் கூடாது என்று உள்ளே போனவர் வர நேரமாயிற்று. வந்தபோது முகம் கழுவியிருந்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மஸ்கட்காரருக்கு

அந்தச் சங்கிலிப் பதிவுக்குப் பிறகு நான் எழுதவில்லை. மஸ்கட்காரர் மட்டும் விடாமல், "அண்ணன் வந்தாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாலைந்து தடவை கேட்டிருப்பார். பதில் எழுதலாம், எழுதலாம் என்று இருந்தே கடவுச்சொல் மறந்துபோயிற்று. அந்த மனிதர் எங்கே இருக்கிறாரோ, இந்தத் தொடர் அவர் கண்ணில் படுமோ படாதோ. பேச ஆளில்லாமல் எழுதியவருக்குப் பதில் சொல்லாமல் விட்டது பாவம்தான்.

வந்தார் ஐயா. காலை முதல் பஸ்ஸில், சீர்த்தட்டோடு வந்தார். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரைக்கும் அண்ணியும் செல்வியும் தட்டை மூடாமல்தான் ஏந்தி வந்தார்கள்.

பாப்பா அவர் மடியில் உட்கார்ந்து, ஒரு காது குத்தும் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது காதுக்கு ஊரைக் கூட்டிவிட்டது. அதன் கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இதையும் எழுதுவியா?"

"எதுக்குண்ணே? படிக்க வேண்டியவரு இங்கதான உக்காந்திருக்காரு."

அண்ணன் பாப்பாவின் காதைப் பார்ப்பது மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். குத்தி முடித்து எல்லோரும் எழுந்து பந்திக்குப் போன பிறகும், அவர் பிள்ளையை மடியிலிருந்து இறக்கவில்லை.